ஹைட்டியில் பிள்ளைப்பேறும் மருத்துவச்சி மேல் விழும் பழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹைட்டி நாட்டைப் பற்றிய செய்தி நம் பத்திரிகைகளில் வரும்போதெல்லாம், அது நிலநடுக்கத்தைப் பற்றியதாக இருந்தாலும் ஆயுதக் கும்பல்களைப் பற்றியதாக இருந்தாலும், ஓர் ஓரத்தில் 'வூடூ' என்ற சொல்லும், ஊசி குத்திய பொம்மையின் படமும், மாந்திரீகத்தில் ஊறிய மக்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியமும் இடம்பெற்றுவிடுகின்றன. தங்கள் நாளிதழும் இதற்கு விலக்கல்ல என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது. நான் பிரசவ வார்டில் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். பேறுகால வழக்கங்கள் நாட்டுக்கு நாடு எப்படி அமைந்திருக்கின்றன என்று அறியும் ஆர்வத்தில் ஹைட்டியைப் பற்றி நெடுநாளாகப் படித்து வருகிறேன். அந்தப் படிப்பில் நான் கண்ட வூடூ, கருவுற்ற பெண்ணையும் பச்சைக் குழந்தையையும் காப்பதில் கண்ணும் கருத்துமாக இருக்கும் ஒரு வழிபாட்டு மரபு. குழந்தைக்குக் கேடு செய்யும் பழக்கங்களும் அதில் உண்டு. அவற்றை மூடி மறைக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்த மரபை ஒட்டுமொத்தமாகப் பில்லிசூனியம் என்று எழுதுவதால் விளையும் கேடு அவற்றைவிடப் பெரியது என்பதையும், அது மருத்துவச்சிகள் மேலும் வயதானவர்கள் மேலும்தான் முதலில் விழுகிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்த ஊசி குத்திய பொம்மைக்கும் ஹைட்டியின் வழிபாட்டுக்கும் உண்மையில் தொடர்பு மிகக் குறைவு. ஐரோப்பாவின் பழைய சூனிய நம்பிக்கையிலிருந்து எடுத்து, அமெரிக்கத் திரைப்படங்கள் ஹைட்டியின் தலையில் கட்டிய உருவம் அது. இன்றைய பெனின் நாட்டுப் பகுதியில் இருந்த தஹோமி அரசின் ஃபோன் மக்களும், அவர்களை அடுத்து வாழ்ந்த எவே, யொரூபா மக்களும், காங்கோப் பகுதியினரும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டபோது நெஞ்சில் சுமந்து வந்த தெய்வங்களும் சடங்குகளும், பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் கத்தோலிக்கப் புனிதர்களுடன் கலந்து உருவானதே ஹைட்டியின் வூடூ. 1685-ல் பதினான்காம் லூயி மன்னர் பிறப்பித்த அடிமைச் சட்டம், அடிமைகள் அனைவருக்கும் ஞானஸ்நானம் அளிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தையும் அடிமையே, அது தாயின் எசமானனுக்கே சொந்தம் என்றும் விதித்தது. பெற்ற பிள்ளை பெற்றவளுக்கு உரியதல்ல என்று எழுதிவைத்த சட்டத்தின் கீழ் நூறாண்டுக்கு மேல் பிள்ளை பெற்ற பெண்களின் வழிவந்தவர்கள்தான் 1804 ஜனவரி 1-ல் விடுதலை பெற்ற ஹைட்டியின் தாய்மார்கள். அவர்களுடைய வழக்கங்களைப் படிப்பவர் எவரும் இதை மனத்தில் இருத்திக்கொண்டே படிக்க வேண்டும்.

குழந்தையின் தொப்புள்கொடியை மண்ணில் புதைத்து, அந்த இடத்தில் ஒரு பழமரத்தை நடுவது ஹைட்டியின் கிராமப்புறங்களில் நெடுங்கால வழக்கம். அந்த மரம் அந்தக் குழந்தைக்கே உரியது. தான் பிறந்த ஊரைப் பற்றிப் பேசும் ஹைட்டிக்காரர், பிழைப்புக்காக எந்த நாட்டுக்குப் போயிருந்தாலும், அதைத் தன் தொப்புள்கொடி புதைந்த மண் என்றே சொல்கிறார். குழந்தை எசமானனின் சொத்து என்ற சட்டத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது என்பது என் எண்ணம். அந்த மரம் நிற்கும் இடம் 'லக்கூ' எனப்படும் பொது முற்றம். முற்றத்தைச் சுற்றி உறவினர்களின் வீடுகள், அருகில் முன்னோரின் கல்லறைகள், தெய்வங்கள் தங்குவதாகக் கருதப்படும் ஒரு பெரிய மரம் என அமைந்த அந்த இடத்தில், குழந்தை ஒரு தாயிடம் மட்டும் வளர்வதில்லை. பாட்டி, அத்தை, சித்தி, ஞானத்தாய் என்று பல கைகளில் வளர்கிறது. பொழுது சாய்ந்ததும் கதை சொல்பவர் "கிரிக்?" என்று கேட்க, பிள்ளைகள் "கிராக்!" என்று கூவியதும்தான் கதை தொடங்கும். அடங்காத பிள்ளைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிச் செல்லும் பூச்சாண்டியாக 'தோன்தோன் மக்கூட்' என்ற ஒருவன் அந்தப் பேச்சில் வருவான். பிற்காலத்தில் சர்வாதிகாரி துவாலியேயின் கொலைப்படைக்கு மக்கள் இட்ட பெயர் அதுவே.

கருவுற்றிருப்பதைப் பற்றிய அவர்களுடைய நம்பிக்கைகளில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது 'பெடிசியோன்' எனப்படும் நிலை. கருவுற்றதாக நம்பியிருக்கும் பெண்ணுக்கு மறுபடியும் உதிரப்போக்கு தொடங்கினால், கரு கலைந்துவிட்டது என்று அவர்கள் உடனே முடிவு கட்டுவதில்லை. குழந்தைக்குச் சேர வேண்டிய இரத்தம் வெளியே போய்விடுகிறது, அதனால் குழந்தை வளர்ச்சி நின்று வயிற்றிலேயே தங்கியிருக்கிறது, மூலிகைச் சிகிச்சையும் சடங்கும் செய்து அந்தப் போக்கை நிறுத்தினால் அது மீண்டும் வளரத் தொடங்கும் என்று நம்புகிறார்கள். உடலில் குளிர் ஏறியதோ, இறந்தோரின் ஆவியோ, பிறருடைய ஏவலோ காரணமாகச் சொல்லப்படும். மாதக்கணக்கில் மட்டுமல்ல, ஆண்டுக்கணக்கிலும் ஒரு பெண் இந்த நிலையில் இருப்பதாகக் கருதப்படலாம். 1970-களில் இதை ஆராய்ந்த ஜெரால்ட் மர்ரி என்ற மானிடவியலாளர், இந்த நம்பிக்கை அந்தப் பெண்களுக்கு என்ன செய்து தருகிறது என்ற கேள்வியை எழுப்பினார்.

அந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளையில்லாத பெண்ணை மலடி என்று ஊர் சொல்லாமல் இருக்க வேண்டுமானால், அவளுக்குப் பிள்ளை ஏற்கெனவே உண்டு, அது வயிற்றில் காத்திருக்கிறது என்று சொல்வதைவிடக் கனிவான வழி எது? குறை அவள் உடம்பில் இல்லை, அவளுக்கு நேர்ந்த ஒரு துன்பத்தில் இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. அவளைக் குணப்படுத்துவது கணவனின் கடமையாகவும், இரு வீட்டாரின் கடமையாகவும், பூசாரியின் கடமையாகவும் மாறுகிறது. கணவன் வெளியூர் சென்றோ இறந்தோ நெடுநாள் கழித்துப் பிறக்கும் குழந்தைக்கும் தகப்பன் பெயர் கிடைக்க இது வழி செய்கிறது. அதே நேரத்தில், பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் இதன் ஆபத்தையும் நான் சொல்லியாக வேண்டும். கருச்சிதைவோ, கருப்பைக் கட்டியோ, குழாயில் தங்கிய கருவோ இருக்கும் பெண், குழந்தை காத்திருக்கிறது என்ற நம்பிக்கையில் மருத்துவரிடம் செல்லத் தாமதித்தால் அது உயிருக்கே உலை வைக்கும். ஆனால் அந்தத் தாமதத்தை, உனக்குக் கரு இல்லை, நீ ஏமாந்துவிட்டாய் என்று முகத்துக்கு நேரே சொல்லித் தீர்த்துவிட முடியாது. அப்படிச் சொல்லும் மருத்துவமனைக்கு அவள் மறுமுறை வரமாட்டாள்.

பிரசவம் பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. 2016–17-ல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வின்படி பத்துப் பிரசவங்களில் ஏறக்குறைய நான்கு மட்டுமே மருத்துவ நிலையங்களில் நடந்தன. மற்றவற்றுக்குக் கைகொடுப்பவர்கள் ஊர் மருத்துவச்சிகள். அவர்களில் பலர், இந்தத் தொழிலைத் தெய்வமே கனவில் வந்து தங்களுக்குத் தந்ததாகச் சொல்பவர்கள். பிரசவித்த பெண்ணின் எலும்புகள் விட்டுக்கொடுத்துத் திறந்திருக்கின்றன, அவற்றின் வழியே குளிர் புகுந்துவிடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. நம் பாட்டிமார் பச்சை உடம்பு என்று சொல்லிக் காத்ததும் இதே கவனத்தோடுதான். முதல் மூன்று நாட்கள் இலைகளைக் கொதிக்கவைத்த வெந்நீரில் குளியல், அடுத்த மூன்று நாட்கள் இலைகளுடன் வெயிலில் வைத்துச் சூடேற்றிய நீரில் குளியல், மூன்று வாரமோ ஒரு மாதமோ கழித்து உடலை மீண்டும் இறுக்க ஒரு குளிர்ந்த நீர்க் குளியல் என்று முறை வைத்திருக்கிறார்கள். வயிற்றைத் துணியால் இறுகக் கட்டி, தலையை மூடி, காற்றுப்படாமல் தாயை வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். இந்த நாட்களில் அவள் தண்ணீர் சுமக்கவோ சந்தைக்குப் போகவோ வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் தலைச்சுமையுடன் மலைப்பாதையில் நடக்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வு ஏறத்தாழ இது ஒன்றுதான். அதை மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்களுக்கு அவளுக்குப் பதிலாக யார் தண்ணீர் சுமப்பார்கள் என்ற எண்ணமே வருவதில்லை.

கேடான வழக்கங்களுக்கு வருகிறேன். பிறந்த குழந்தையின் வயிற்றில் உள்ள கருமலத்தை வெளியேற்றுவதற்காக, விளக்கெண்ணெயுடன் வேறு சரக்குகளையும் சர்க்கரையையும் சேர்த்துச் செய்த 'லோக்' என்ற பேதி மருந்தை முதல் நாட்களில் புகட்டுகிறார்கள். சீம்பாலே அந்த வேலையை இயல்பாகச் செய்துவிடும். அதைத் தள்ளிப்போட்டு எண்ணெயைப் புகட்டுவது குழந்தைக்கு இரட்டை இழப்பு. இதைவிடக் கொடியது, கொடியை அறுத்த இடத்தில் கரியையோ சாம்பலையோ வேறு பொடிகளையோ வைப்பது. அதனால் வருவது ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையின் தாடை ஒரு நாள் இறுகிப்போகும், உதடு குவியாது, உடல் வில்லாக வளையும். கண்ணால் பார்த்தவர்களுக்கு மறக்காது.

இந்த நோயின் வரலாற்றில்தான் நான் முதலில் சொன்ன பழியின் வேர் இருக்கிறது. அடிமைக் காலத்திலேயே தோட்டங்களில் பச்சைக் குழந்தைகள் 'தாடை நோய்' கண்டு இறந்தன. அது ரண ஜன்னிதான் என்று இன்று எளிதில் ஊகிக்கலாம். தோட்ட முதலாளிகளோ, அடிமை மருத்துவச்சிகள் வேண்டுமென்றே குழந்தைகளைக் கொல்கிறார்கள் என்று குற்றம் சாட்டி, அவர்களைக் கொடிய முறையில் தண்டித்தார்கள். ஒரு மருத்துவச்சியின் கழுத்தில், அவள் கொன்றதாகச் சொல்லப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப முடிச்சுகள் போட்ட கயிற்றை மாட்டிவைத்த செய்தி பதிவாகியிருக்கிறது. அடிமைத்தளையில் பிள்ளை வளர வேண்டாம் என்று எண்ணிய பெண் ஒருத்தி கூட இருந்திருக்க மாட்டாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிரசவ அறையில் மண்ணும் துருவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அறிந்த எவருக்கும், அந்தக் கழுத்துக் கயிறு எவ்வளவு பெரிய அநீதி என்பது புரியும்.

அந்த நோய் ஹைட்டியில் எப்படி ஒழிந்தது என்பதையும் சொல்கிறேன். ஆர்த்திபோனீத் பள்ளத்தாக்கில் தெஷாபெல் என்ற ஊரில் 1956-ல் அமெரிக்க மருத்துவரான லாரிமர் மெல்லனும் அவர் மனைவி குவெனும், ஆப்பிரிக்காவில் மருத்துவத் தொண்டு செய்த ஆல்பர்ட் ஷ்வைட்சரின் பெயரில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். ரண ஜன்னி கண்ட குழந்தைகள் அங்கே தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. ஊர் மருத்துவச்சிகளை விரட்டாமல், அவர்களை அழைத்துத் தொப்புள்கொடியைச் சுத்தமாக அறுத்துக் கட்டும் முறையைக் கற்பித்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் அங்கு பணியாற்றிய வாரன் பெர்க்ரென், கிரெட்சன் பெர்க்ரென் என்ற மருத்துவத் தம்பதியர், பெண்கள் மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், அவர்கள் கூடும் சந்தைகளுக்கே ஊசியுடன் சென்றார்கள். ஹைட்டியில் சந்தை என்பது பெண்களின் இடம். தாய்க்குப் போட்ட தடுப்பூசி வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் காத்தது. அந்தப் பள்ளத்தாக்கில் நோய் சில ஆண்டுகளில் அடங்கியது. நாடு முழுவதும் அதை ஒழிக்க 2017 வரை ஆயிற்று. அமெரிக்கக் கண்டங்களில் அந்த இலக்கை எட்டிய கடைசி நாடு ஹைட்டி. இவ்வளவு நடந்தும், எந்தப் பெண்ணும் தன் தெய்வத்தைக் கைவிட வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான முயற்சியும் நடந்தது. 1941–42-ல் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் துணையுடன் நடத்திய மூடநம்பிக்கை எதிர்ப்பு இயக்கத்தில் கோயில்களும் முரசுகளும் எரிக்கப்பட்டன, தெய்வ மரங்கள் வெட்டப்பட்டன. அதனால் ஒரு குழந்தையின் தொப்புள் புண்ணாவது ஆறியதாக நான் படித்ததில்லை. 2003-ல்தான் அரசு வூடூவை ஒரு மதமாக ஏற்று, அதன் பூசாரிகள் நடத்தும் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் சட்ட மதிப்பு அளித்தது.

பாலூட்டும் தாய்க்கு வரும் 'மோவே சான்' என்ற நோயைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அச்சமோ, அதிர்ச்சியோ, கடும் கோபமோ, அடியோ பட்டால் தாயின் இரத்தம் கெட்டு மேலேறும். அது பாலையும் கெடுத்துவிடும். அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தை நோயுறும் என்பது நம்பிக்கை. மத்திய மேட்டுநிலப் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றிய பால் ஃபார்மர் என்ற மருத்துவர் 1980-களில் இதை ஆராய்ந்தார். கருவுற்றவளையும் பாலூட்டுபவளையும் துன்புறுத்தாதே என்ற எச்சரிக்கையை ஊர் முழுவதற்கும் இந்த நோய் விடுக்கிறது என்பது அவருடைய விளக்கம். மனைவியை அடித்த கணவனின் குற்றம் அவள் பாலில் தெரிந்துவிடுகிறது. அதை நாலு பேர் பார்த்துவிடுகிறார்கள். ஆனால் பால் கெட்டுவிட்டது என்று தாய்ப்பாலை நிறுத்தினால், சுத்தமான நீர் கிடைக்காத இடத்தில் புட்டிப்பால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். இங்கே நல்லதும் கெட்டதும் ஒரே நம்பிக்கையில் பின்னிக் கிடக்கின்றன. இலை வைத்தியர் தரும் மருந்தைத் தாய் குடிக்கட்டும், பாலூட்டலை மட்டும் நிறுத்தாமல் இருக்கட்டும் என்று சொல்லத் தெரிந்த செவிலியர்தான் அங்கே வெற்றி பெறுவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த மரபு எந்தக் குழந்தையையும் சின்னஞ்சிறிது என்று ஒதுக்குவதில்லை. இரட்டைப் பிள்ளைகளை அவர்கள் 'மராசா' என்ற தெய்வங்களின் உருவாகவே காண்கிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய கிண்ணங்களில் மராசாவுக்குப் படைத்த உணவைக் குழந்தைகளுக்கே கொடுக்கிறார்கள். இரட்டையரில் ஒருவருக்குச் செய்ததை மற்றவருக்கும் செய்தாக வேண்டும். அவர்களுக்கு அடுத்துப் பிறக்கும் பிள்ளை, ஆணானால் 'டோசு', பெண்ணானால் 'டோசா', இருவரையும்விட வலிமை மிக்கதாகக் கருதப்படுகிறது. அட்லாண்டிக்கின் மறுகரையில் பெனினிலும் இதே மதிப்பு உண்டு. ஆயிரம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 28 இரட்டைப் பிறப்பு என்ற அளவில், உலகிலேயே இரட்டையர் மிகுதியாகப் பிறக்கும் நாடு என்று ஆய்வாளர்கள் குறித்த நாடு அது. இரட்டையரில் ஒன்று இறந்துவிட்டால் சிறு மரப்பாவை செய்து, உயிருடன் இருக்கும் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அதையும் குளிப்பாட்டி, ஊட்டும்போது அதற்கும் ஊட்டி வைக்கிறார்கள் ஃபோன், எவே தாய்மார்கள். வூடூவில் பொம்மை உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்பும் பாவை இதுதான். ஹைட்டியின் தாய்த்தெய்வமான எசிலி தாந்தோவும் கையில் குழந்தையுடன் நிற்பவளே. தனியாக உழைத்துப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் தங்கள் சொந்தத் தாயைப் போல அவளை நாடுகிறார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இதே மரபைச் சேர்ந்த சில கோயில்களில், குடும்பத்தார் செய்த குற்றத்துக்கு ஈடாகச் சிறுமிகளை அடிமைகளாக ஒப்படைக்கும் 'ட்ரோகோசி' வழக்கம் இருந்ததையும், கானா அதை 1998-ல் சட்டத்தால் தடை செய்ததையும் நான் அறிவேன். அது எந்த நியாயத்தாலும் காக்க முடியாதது. ஹைட்டியில் ஏழை வீட்டுப் பிள்ளைகளை வசதியான வீடுகளில் வேலைக்கு விடும் 'ரெஸ்தாவெக்' வழக்கமும் அப்படியே. ஆனால் அதன் காரணம் வறுமையே அன்றி வூடூ அல்ல.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். இரவில் தோலைக் கழற்றிவிட்டுப் பறந்து வந்து குழந்தைகளின் இரத்தத்தை உறிஞ்சும் 'லுகாவு' என்ற மந்திரக்காரி பற்றிய அச்சம் ஹைட்டியில் இன்றும் உண்டு. குழந்தை காரணம் தெரியாமல் இறக்கும்போது, அண்டையில் இருக்கும் வயதானவர் மேல் சந்தேகம் விழுகிறது. 2024 டிசம்பரில் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸின் சிட்டே சொலேய் பகுதியில், ஒரு கும்பல் தலைவனின் குழந்தை நோயுற்றதற்கு முதியவர்களின் சூனியமே காரணம் என்று ஒரு பூசாரி சொன்னதாகவும், அதைக் கேட்ட அவன் ஆட்கள் குறைந்தது 207 பேரைக் கொன்றதாகவும் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறியது. கொல்லப்பட்டவர்களில் மிகுதியானோர் முதியவர்கள். வூடூவைக் கும்பிடுபவர்கள் பலர் அதில் அடக்கம். 2010-ல் ஐ.நா. அமைதிப்படை முகாமிலிருந்து ஆற்றில் கலந்த கழிவால் காலரா பரவியபோதும், நோயைப் பரப்பியதாகச் சொல்லி வூடூ பூசாரிகள் பலர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். தோட்ட முதலாளி மருத்துவச்சியின் கழுத்தில் கயிறு மாட்டியதற்கும் இதற்கும் நடுவில் இருநூறு ஆண்டுகள் இருக்கின்றன. நோயின் காரணத்தைத் தேடாமல் ஆளைத் தேடும் வழக்கம் மட்டும் மாறவில்லை. 2024 செய்தியை நம் பத்திரிகைகள் 'வூடூ படுகொலை' என்ற தோரணையில் வெளியிட்டபோது, கொன்றவனுக்கும் கொல்லப்பட்டவருக்கும் ஒரே அடையாளத்தைக் கொடுத்துவிட்டன. இறந்த முதியவர்களும், ஊருக்கு மருந்து அரைத்துக் கொடுத்தவர்களும் பிரசவம் பார்த்தவர்களுமாக இருந்திருக்கக் கூடியவர்களும், அந்தத் தலைப்பில் காணாமல் போனார்கள்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். ஹைட்டியைப் பற்றிய செய்திகளில் அந்த ஊசி குத்திய பொம்மைப் படத்தைத் தயவுசெய்து இனி அச்சிடாதீர்கள். சூனியம் என்ற பெயரில் எங்கே யார் கொல்லப்பட்டாலும், அந்தப் பழிக்குப் பின்னால் இருந்த நோய் என்ன, அதற்கு மருந்து கிடைத்ததா என்பதையும் செய்தியாளர்கள் விசாரித்து எழுதட்டும். முடிந்தால் தங்கள் நல்வாழ்வு இணைப்பிதழில் ஹைட்டியின் ஊர் மருத்துவச்சிகளைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். ஆயுதக் கும்பல்கள் சாலைகளை மறித்து, தலைநகரின் மருத்துவமனைகள் பல மூடிக்கிடக்கும் இந்நாளில், வலி கண்ட பெண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவள் பல இடங்களில் அந்த மருத்துவச்சி ஒருத்திதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்